வைகாசியில் அளந்த நிழல்

இன்னும் மூன்று பேர். அவர்கள் பேசி முடித்ததும் அருளப்பன் சாரைக் கூப்பிடுவார்கள், அவருக்குப் பிறகு என்னை. அவர் பேசிவிட்டால் போதும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. காலையில் பல் தேய்க்கும்போதிலிருந்து இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சமுதாயக் கூடத்தின் மின்விசிறி எனக்கு நேர் மேலே சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டக்கென்று சொல்கிறது, மார்கழியில் எதற்கு மின்விசிறி, யாராவது நிறுத்தினால் தேவலை, நான் எழுந்து போய் நிறுத்தலாம், ஆனால் எழுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், டீச்சர் ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். மேடையில் பச்சைத் துணி விரித்த மேஜை, அதன் பின்னால் அந்த அதிகாரி, முப்பத்தைந்து வயதிருக்கும், காட்டன் புடவை, களைத்த முகம், ஒவ்வொருவர் பேசும்போதும் உண்மையாகவே குறிப்பெடுக்கிறாள். ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள். எங்கள் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் பழைய பேருந்து நிலையத்து நிலத்தில் அறுபது அடி உயரம்தான் இதுவரை அனுமதி, இப்போது இருநூறு அடிக்குக் கேட்கிறார்கள், எழுத்தில் வந்த ஆட்சேபணை ஒன்றே ஒன்றுதான், அது இருக்கிறவரைக்கும் வருஷம் முழுவதற்குமான நிழல் ஆய்வு நடத்தாமல் அனுமதி கொடுக்க முடியாது. எழுதிக் கொடுக்க வேண்டிய தேதி போன மாதமே முடிந்துவிட்டது, இன்றைக்கு வாயால் சொல்வதெல்லாம் கருத்து என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அந்த ஒரே ஒரு ஆட்சேபணை அருளப்பன் சாருடையது. நாற்பத்தெட்டு வீட்டில் நாற்பத்தேழு வீடு சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாயிற்று. அந்த நாற்பத்தேழு கையெழுத்துக்கும் மேலே, ஒரு பக்கம் முழுக்க, படம் வரைந்து, அளவு எழுதி, கீழே என் பெயர். இரா. மரகதவல்லி, ஓய்வு பெற்ற ஆசிரியை. அந்தத் தாள் அதோ அவள் முன்னால் இருக்கும் கோப்பில்தான் இருக்கிறது. அது தப்பு. அதை இந்தக் கூடத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் பேசட்டும், ஆட்சேபணை இருக்கட்டும், ஆய்வு நடக்கட்டும், கருவிகளோடு யாரோ வந்து அளந்து கண்டுபிடிக்கட்டும். அப்போது என் தாளை யார் தேடி எடுக்கப்போகிறார்கள்.

மேடைக்குக் கீழே கட்டடத்தின் மாதிரியை வைத்திருக்கிறார்கள். தெர்மக்கோலும் கண்ணாடிக் காகிதமும், நகத்தளவு மரங்கள், நகத்தளவு கார்கள். எங்கள் குடியிருப்பை ஒரு பழுப்புத் தீப்பெட்டியாக ஒட்டியிருக்கிறார்கள், மாடிப்படி இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, கொடியில் துணி இல்லை. உள்ளே வரும்போது அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அவ்வளவு உயரக் கட்டடம், அதற்கு நிழலே இல்லை. மேலே நாலு பக்கமும் குழல்விளக்கு எரிவதால் நிழல் எந்தப் பக்கமும் விழவில்லை. இதை வகுப்பில் காட்டியிருக்கலாம், விளக்கு ஒன்றாக இருந்தால்தான் நிழல் என்று. ஷமீம் என் தோளைத் தட்டி, "என்ன டீச்சர், உங்க வீடு எதுன்னு தேடறீங்களா? அதோ அந்த மூலையில எறும்பு போகுதே, அதுதான் நீங்க" என்றாள். சிரித்தேன். இப்போதும் என் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள், இரண்டாம் மாடி, எனக்கு நேர் கீழ் வீடு, பதினாறு வருஷமாக என் மிக்ஸி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவள். லிஃப்ட் எப்போது வரும் என்பதைத் தவிர அவளுக்கு இந்தக் கூட்டத்தில் வேறு கேள்வியில்லை. கட்டடக்காரர்கள் எங்கள் குடியிருப்புக்கு வெளிப்பக்கமாக ஒரு லிஃப்ட் கட்டித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களாகவே சொன்னது. "லிஃப்ட் வந்துச்சுன்னா நான் ஒரு நாள் பூரா மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருப்பேன். எங்க வீட்டுக்காரரு என்னைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்." அதற்கும் சிரித்தேன். ஐம்பத்து நான்கு படி. நான் மூன்றாம் மாடி. ஐம்பத்து நான்கு படியில் முப்பதாவது படிக்கு மேல் இடது முழங்காலுக்குள் யாரோ ஊசியால் தைப்பது போல இருக்கும். கீழே இறங்கினால் ஏற வேண்டுமே என்று இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குகிறேன். ஆகவே எனக்கும் லிஃப்ட் வேண்டும். வேண்டும் என்று நினைத்தேன். அது ஒரு குற்றமா. வேண்டும் என்று நினைப்பதும் அளப்பதும் வேறு வேறுதானே. கை வேறு, முழங்கால் வேறு. அளந்தது கை.

வைகாசி முதல் வாரம். வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. செயலாளர் குணசீலன்தான் வந்து கேட்டார், "டீச்சர், தரைவீட்டு டைம்கீப்பரு அருளப்பன் எதிர்ல கட்டடம் வந்தா வெயில் வராதுன்னு எழுதிப் போடப்போறாராம். வெயில் வராதாம்! இந்த வெயில்ல! நீங்க பூகோளம் படிச்சவங்க, வந்து ஒரு தரம் அளந்து காமிச்சிருங்க, ஆளு வாய மூடட்டும்." எல்லோரையும் மொட்டைமாடிக்கு வரச் சொன்னேன். துணிக்கொடிக்கு நட்டிருந்த பத்தடிக் கம்பு இருந்தது, தூக்குக்குண்டு கட்டி அதைச் செங்குத்தாக நிறுத்தினேன், உச்சிநேரத்தில் நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். ஓரடி இரண்டு அங்குலம். அதுவும் தெற்கே. எதிர்க் கட்டடம் எங்களுக்குத் தெற்கே இருக்கிறது, சாலைக்கு அந்தப் பக்கம், ஆகவே அதன் நிழல் எங்களைப் பார்க்கவே பார்க்காது, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் தெற்கே போய் விழும். பத்தடிக்கு ஓரடி இரண்டு அங்குலம் என்றால் இருநூறு அடிக்கு இருபத்து மூன்றடி. குழந்தைகளுக்குக்கூடப் புரியும்படி சொன்னேன். கை தட்டினார்கள். அளந்ததில் பிழை கிடையாது, அங்குலம்கூடத் தப்பில்லை, இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வைகாசியில் வந்து அளந்து பார்க்கட்டும். அருளப்பன் சார் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றிருந்தார், வெள்ளைச் சட்டை, பையில் பேனா, எதிரே இருந்த பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் பஸ் புறப்படும் நேரம் எழுதியவர். அவர் ஏதோ சொன்னார். காற்று. மொட்டைமாடியில் அன்றைக்கு நல்ல காற்று, கேட்கவில்லை. குணசீலன் மட்டும், "என்ன சார், பஸ்ஸுக்கு டைம் போட்டது போதாதுன்னு சூரியனுக்கும் நீங்கதான் போடறீங்களா?" என்றார், அந்தச் சிரிப்பில் மீதியும் கேட்கவில்லை. அப்புறம் எல்லோரும் இறங்கிப் போய் எலுமிச்சைச் சாறு குடித்தோம்.

மைக் கிறீச்சிடுகிறது. முதல் ஆள் எழுந்து வாகன நிறுத்தம் பற்றிப் பேசுகிறார். கட்டடம் வரட்டும், தாராளமாக வரட்டும், ஆனால் வருகிறவன் காரை எங்கள் வாசலில் விடக் கூடாது. கை தட்டுகிறார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அருளப்பன் சாரின் பின்னந்தலை தெரிகிறது, சீவி எண்ணெய் வைத்த நரை, காலரில் ஒரு நூல் பிரிந்திருக்கிறது. அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. கூடத்தில் உட்கார இடமில்லாமல் சுவரோரம் ஆட்கள் நிற்கிறார்கள், ஆனாலும் அந்த இரண்டு நாற்காலியும் காலி. நான் கூட அங்கே உட்காரவில்லை. உள்ளே வந்தபோது என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், "வாங்க டீச்சர்" என்றார், நான் ஷமீமைத் தேடுவது போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு தாண்டி வந்துவிட்டேன்.

மூன்று நாளைக்கு முன்னால் கீரை வாங்கக் கீழே இறங்கினேன். காலை பத்து மணி. அருளப்பன் சார் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் மனைவி செசிலியம்மா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வாசலில் இல்லை, நன்றாக உள்ளே, கூடத்தின் நடுவில், அவள் மடி முழுக்க வெயில். விரல்கள் மடங்கி இறுகிப்போன கைகள் இரண்டையும் வெயிலில் வைத்திருந்தாள், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு அது வேகும்வரை காத்திருப்பவள் போல. நல்ல நாளில் தானே சீப்பைப் பிடிப்பாள், மோசமான நாளில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது, குளிர் காலம் வந்தால் எல்லாம் மோசமான நாள். அருளப்பன் சார் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினார். என்னைப் பார்த்துவிட்டு, "இடம் மாறிட்டே இருக்கும் டீச்சர், கால் மணிக்கு ஒரு தடவை நகத்தணும். இப்படியே மூணு மணி வரைக்கும் ஓட்டிட்டா ராத்திரி வலி இல்லாம தூங்குவா" என்றார். அப்போதுதான் பார்த்தேன். வெயிலைப் பார்த்தேன். வாசற்படியைத் தாண்டி, நடையைத் தாண்டி, அந்த அளவு உள்ளே. என் முதுகுப் பக்கமிருந்து வந்தது, தெற்கிலிருந்து, என் நிழலே எனக்கு முன்னால் நீளமாக அவர்கள் வீட்டுக்குள் விழுந்து, செசிலியம்மாவின் பாதத்தைத் தொட்டது. அவள் பாதத்தை இழுத்துக்கொண்டாள். வேண்டுமென்று இல்லை, ஈ உட்கார்ந்தால் இழுப்பது போல. நான் நகர்ந்தேன். கீரை வாங்கவில்லை. ஐம்பத்து நான்கு படியையும் நிற்காமல் ஏறினேன், மொட்டைமாடிக்கு இன்னும் பதினெட்டு, அதையும் ஏறினேன். உச்சிநேரம்வரை தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அதே கம்பின் நிழலை அளந்தேன். ஏழடி ஐந்து அங்குலம். வடக்கே. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் கணக்குப் போட்டேன். இருநூறு அடிக்கு நூற்று நாற்பத்தெட்டு அடி. சாலை நாற்பதடி. சாலையை விழுங்கி, எங்கள் கட்டடத்தை மொட்டைமாடிவரை விழுங்கி, பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கும் போகும். எதிர்க் கட்டடத்தின் நீளம் முந்நூறு அடி, ஆகவே காலையிலிருந்து சாயங்காலம்வரை சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால்தான் நடக்கும். தரைவீட்டுக்கு வெயில் இல்லாமல் எத்தனை நாள் என்று பார்த்தேன். ஒரு முறை போட்டு, தப்பாக இருக்கும் என்று மறுபடியும் போட்டேன். அந்தத் தாள் இப்போது என் கைப்பையில் இருக்கிறது, கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே, நாலாக மடித்து.

இரண்டாவது ஆள் குடிநீர் பற்றிப் பேசுகிறார். இருநூறு அடிக் கட்டடம் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் நாங்கள் என்ன செய்வது. அதிகாரி தலையாட்டி எழுதிக்கொள்கிறாள். தண்ணீர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்கள் சுவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று யாராவது பேசினால் தேவலை. ஒவ்வொரு வருஷமும் மழைக்குத் தரைவீட்டுச் சுவர்களில் இடுப்பளவு ஈரம் ஏறும், பூசணம் பூக்கும், பிறகு மார்கழி வெயில் வந்து தை மாதத்துக்குள் காய வைத்துவிடும். இனிமேல் காய வைக்காது. ஈரமும் நிழலும் ஒரே மாதங்களில் வரும். இது எவ்வளவு எளிய விஷயம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லலாம். முப்பத்தொரு வருஷம் சொன்னேனே. பாடப்புத்தகத்தில் நடுப்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று போட்டிருப்பார்கள், எங்கோ குளிர் தேசத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது, நான் ஒவ்வொரு வருஷமும் அந்த வரியை அடிக்கச் சொல்வேன். நம் ஊரில் சூரியன் தலைக்கு மேலே வடக்கேயும் போகும், தெற்கேயும் போகும், வருஷத்தில் இரண்டு நாள் நடுவில் நிற்கும், அந்த இரண்டு நாளும் உச்சியில் நிழலே இருக்காது. மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேனாவை நிறுத்தச் சொல்வேன். நிழலைக் காணோம் என்று கத்துவார்கள். டீச்சர் திருடிட்டாங்க என்று ஒருத்தி ஒரு வருஷம் சொன்னாள். ஆடி வரைக்கும் தெற்கே, மார்கழியில் வடக்கே. எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொல்லலாமா. வயது அறுபத்தாறு, வெயில் மண்டையைப் பிளந்தது, குணசீலன் அவசரப்படுத்தினார். மறப்பதற்கு அது என்ன போன் நம்பரா.

காற்று இல்லை. அன்றைக்குக் காற்றே இல்லை. வைகாசி உச்சிவேளை, கொடியில் ஒரு துணிகூட அசையவில்லை, தூக்குக்குண்டு ஆடாமல் நின்றது, ஆடியிருந்தால் என்னால் அவ்வளவு துல்லியமாக அளந்திருக்க முடியாது. அருளப்பன் சார் சொன்னது கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. "இப்ப தெற்க போகுது டீச்சர், சரிதான். மார்கழியில எங்க வீட்டுக்குள்ள உச்சிக்கே அஞ்சடி வெயில் வரும். அத ஒரு தரம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். குணசீலன் பேசியது அப்புறம். முதலில் பேசியது நான். "மார்கழியில வெயில் வந்தா என்ன, மழை வந்தா என்ன சார், அப்ப நாமெல்லாம் போர்வைக்குள்ளதான் இருப்போம்" என்றேன். நன்றாகச் சொன்னேன். வகுப்பில் ஒரு பையன் குறுக்கே பேசினால் எப்படி ஒரு வரியில் உட்கார வைப்பேனோ அப்படி. எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குணசீலன் டைம்கீப்பர் நகைச்சுவையைப் போட்டார். அருளப்பன் சார் பையிலிருந்த பேனாவைச் சரி செய்துகொண்டார். மார்கழி என்ற அந்த வார்த்தை என் காதில் விழுந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று கையைத் தூக்கியது, பின் பெஞ்சில் இருந்து ஒருத்தி கையைத் தூக்குவது போல. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அன்றைக்குக் காலையில்தான் படியில் இரண்டு முறை உட்கார்ந்து ஏறியிருந்தேன். கை வேறு, முழங்கால் வேறு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது ஆள். இவர் பேசுவது எனக்குக் காதில் விழவில்லை. இப்போதே எழுந்து சொன்னால் என்ன. எழுந்து, அம்மா, அந்தக் கோப்பில் இருக்கும் படம் தப்பு, அதை வரைந்தவள் நான். ஷமீம் என் முகத்தைப் பார்ப்பாள். குணசீலன் பார்ப்பார். லிஃப்டைக் கெடுத்தவள் என்று ஆகும். அருளப்பன் சாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும், எட்டு மாதமாகக் கண்ணால் பார்க்கிறேன். யாரும் அவரைத் திட்டவில்லை. அவரைத் தாண்டிப் போனார்கள், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு அவர் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுக்கும் கேக்கை இந்த வருஷம் நாலு வீடுதான் வாங்கியதாம், மற்ற வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. செசிலியம்மாவுக்குத் தலை பின்னிவிட வாரம் இரண்டு நாள் போகிற முதல் மாடிப் பெண்ணும் நின்றுவிட்டாள். நான் வாங்கினேன். கேக்கை வாங்கினேன், சாப்பிடவும் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது, அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்க இன்னும் போகவில்லை. அவர் தாங்கிக்கொள்கிறார். பிடிவாதக்காரர். மழையிலும் வெள்ளத்திலும் நேரம் தவறாமல் பஸ்ஸை அனுப்பிய மனிதர், ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான். அவர் பிடிவாதம் இருக்கும்போது என் வாக்குமூலம் எதற்கு. இது கோழைத்தனம் இல்லை, இது கணக்கு. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்தால் போதும் என்றால்.

"திரு. அருளப்பன்."

எழுந்தார். மைக்கிடம் போனார். அதன் உயரத்தைச் சரி செய்யத் தெரியாமல் குனிந்து பேசினார். கூடம் அமைதியாகிவிட்டது, ஒரு பகைவன் பேசும்போது வரும் அமைதி, மின்விசிறியின் டக் மட்டும் கேட்கிறது.

"மேடம், வணக்கம். நான் மே மாசம் ஒரு ஆட்சேபணை அனுப்பியிருந்தேன். அத வாபஸ் வாங்கிக்கிறேன்."

பின்னால் யாரோ கை தட்டினார்கள், யாரோ விசிலடித்தார்கள். அதிகாரி கையை உயர்த்தி அடக்கினாள். "ஏன் சார்? யாராவது வற்புறுத்தினாங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. வீட்டுக்காரிக்கு முடியாது, யாரும் வந்து பேசறதில்லன்னு அவளுக்கு ரொம்ப வருத்தம். அது ஒண்ணு. அப்புறம், நான் கண்ணால பாத்தத வச்சு எழுதினேன். டீச்சர் அளந்து காமிச்சாங்க. படிச்சவங்க, முப்பது வருஷம் பாடம் எடுத்தவங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நமக்குத்தான் எங்கயோ தப்பாப் படுது."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், கூட்டைத் திறந்தார், கைக்குட்டையால் துடைத்தார், போட்டுக்கொண்டார். தாளை முதலிலிருந்து படித்தார். எவ்வளவு நேரம், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், இந்த மனிதர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார், படிக்கட்டும், இன்னும் படிக்கட்டும். இப்போது எழுந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும், சார் என்று கூப்பிட்டால் போதும், நின்றுவிடுவார். என் கை கைப்பையின் மேல் இருக்கிறது. முழங்காலை ஊன்றி எழுந்திருக்க வேண்டும், முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தால் எழுந்துவிடலாம், அந்த முதுகைப் பிடித்தேன், பிளாஸ்டிக் சில்லென்று இருந்தது, அதில் யாரோ பேனாவால் ஒரு மீன் வரைந்திருக்கிறார்கள், மீனுக்குக் கண் இல்லை, பேனாவின் மூடியைக் கழற்றுகிறார், ஷமீம் என் காதருகே, "அப்பாடா, லிஃப்ட் வந்துடுச்சு டீச்சர்" என்கிறாள், அவர் எழுதுகிறார், ஒவ்வொரு எழுத்தாக, தேதியும் போடுகிறார், நேரமும் போடுகிறார் போலிருக்கிறது, பழக்கம்.

"குடியிருப்போர் சங்கம் சார்பா, திருமதி மரகதவல்லி."

இப்போது எழுந்துவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை. கால் வலிக்கவே இல்லை. மைக்கின் முன்னால் நின்று கைப்பையைத் திறந்து அந்தத் தினசரித் தாளைப் பிரித்து, என் குரல் பெரிதாக வந்தது, வகுப்பறைக் குரல், வைகாசியில் அளந்தது மார்கழிக்குப் பொருந்தாது, நிழல் எங்கள் பக்கம் விழும், தரைவீடுகள் பன்னிரண்டுக்கும் வெயில் போகும், அந்தப் படம் தப்பு, அருளப்பன் சார் என்னிடம் மொட்டைமாடியிலேயே சொன்னார், நான் கேட்டும் கேட்காதவள் போல் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்வது இவ்வளவு எளிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது என்று பாதியில் புரிந்தது, புரிந்த பிறகும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

"டீச்சர், என்ன விளையாடறீங்களா?" என்று குணசீலன் எழுந்து கத்தினார். "எங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினது யாரு? இப்ப வந்து நிழல், மண்ணாங்கட்டின்னு..." ஷமீம் என்னைப் பார்க்காமல் முந்தானையை மடிமீது நீவிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி என் தாளை வாங்கிப் பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது, அது முகத்தில் தெரிந்தது. பிறகு பக்கத்தில் இருந்த கோப்பைத் திறந்து, மை காயாத கையெழுத்தைப் பார்த்தாள்.

"மேடம், இத நான் உங்க கருத்தாக் குறிச்சுக்கிறேன். ஆனா எழுத்துல ஆட்சேபணைன்னு இப்ப எதுவும் இல்ல. அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஒண்ணு இருந்துச்சு." கோப்பை மூடினாள். "நீங்க முதல்ல பேசியிருக்கலாமே" என்று மைக்கிலிருந்து விலகி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், வெளியே தேநீருக்கு முண்டியடித்தார்கள், என்னைச் சுற்றி மட்டும் ஒரு இடம் விட்டு நடந்தார்கள். அந்த இடத்தின் அளவு எனக்குத் தெரிந்ததுதான், இரண்டு நாற்காலி அகலம். அருளப்பன் சார் போகவில்லை. சுவரோரம் நின்று காத்திருந்தார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று விரும்பினேன்.

"எத்தனை மாசம் டீச்சர்?" என்றார். "வெயில் இல்லாம. கணக்குப் போட்டிருப்பீங்களே."

"ஆறு மாசம் சார். புரட்டாசி பொறந்ததுலேர்ந்து பங்குனி பொறக்கற வரைக்கும்." அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேகமாகச் சேர்த்தேன், மதிப்பெண் குறைந்த பிள்ளையின் அப்பாவிடம் சொல்வது போல. "பங்குனி பொறந்துட்டா பயமில்ல. அப்புறம் ஆறு மாசம் அந்தக் கட்டடத்து நிழல் தரைவீட்டுக்கு வராது சார். ஒரு அடிகூட வராது."

அவரிடம் கோபமே இல்லை. தெரியாமல் வந்து நிற்கும் பயணியிடம் அந்த பஸ் இங்கே நிற்காது என்று சொல்வாரே, அப்படிச் சொன்னார்.

"அந்த ஆறு மாசமும் எங்க வீட்டுக்குள்ள வெயிலே வராது டீச்சர். அது தலைக்கு மேலயே போயிடும்."